பேக்கேஜ் போர்: லினக்ஸ் கணினியில் யார் பேச்சு செல்லும்?

டெப், ஆர்பிஎம் ஆகியவற்றின் காலம் முடிகிறதா? ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற புது வரவுகளை ஒரு சாரார் கொண்டாட, இன்னொரு சாரார் கொதிப்பது ஏன்?

2025 பிப்ரவரியில் கட்டற்ற மென்பொருள் உலகில் ஒரு விநோத வழக்கு கிளம்பப் பார்த்தது. கணினித் திரையைப் பதிவுசெய்யவும் நேரலையாக ஒளிபரப்பவும் உலகெங்கும் பயன்படுவது ஓபிஎஸ் ஸ்டுடியோ. அதன் குழு ஃபெடோரா லினக்ஸ் குழுவுக்குக் கெடு விதித்தது. ஓபிஎஸ் பெயரையும் சின்னத்தையும் தாங்கி ஃபெடோரா வெளியிடும் பேக்கேஜை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய பொதியை, நீக்க வேண்டும், தவறினால் சட்ட நடவடிக்கை பாயும் என்றது.

இரு தரப்பும் மூலநிரலைத் திறந்து வைத்திருப்பவர்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தின் கீழ் வாழ்பவர்கள். அவர்களுக்குள் என்ன தகராறு?

ஓபிஎஸ் குழு தானே தயாரித்த, ஃபிளாட்பேக் என்ற புது வகைப் பேக்கேஜை ஃபிளாட்ஹப் என்ற களஞ்சியத்தில் வைத்திருந்தது. ஃபெடோராவோ அதே ஓபிஎஸ்ஸைத் தன் விதிகளின்படி மறுபடி கட்டி, தன் சொந்தக் களஞ்சியத்தில் வைத்தது. ஃபெடோரா பயனர் மென்பொருள் கடையில் தேடினால் ஃபெடோராவின் பதிப்புக்கே முன்னுரிமை. அது ஒழுங்காக ஓடவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் புகாரோடு போய் நின்றதோ ஓபிஎஸ் வாசலில்.

ஃபெடோரா தரப்பிலும் நியாயம் இருந்தது. ஓபிஎஸ் குழுவின் ஃபிளாட்பேக், ஆதரவுக் காலம் முடிந்துபோன ஓர் அடித்தளத்தின் மேல் நின்றது. அது பாதுகாப்புக்கு நல்லதல்ல என்றார்கள். புதிய அடித்தளத்தில் உள்ள க்யூட்டி லைப்ரரி தங்கள் செயலியைக் கெடுக்கிறது, அதனால்தான் பழையதிலேயே இருக்கிறோம் என்றது ஓபிஎஸ். சில நாள்களில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். மிரட்டல் வாபஸ் ஆனது, ஃபெடோராவும் தன் பதிப்பைக் கைவிட்டது.

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பத்தாண்டுகளாகப் புகையும் பேக்கேஜ் போரின் கரு இந்தச் சிறு தகராறில் இருக்கிறது. வெளியே கேட்கும் சத்தம் வேகம், அளவு, பாதுகாப்பு பற்றியது. உள்ளே இருக்கும் கேள்வி வேறு: ஒரு செயலி உங்கள் கணினிக்குள் வரும்போது அதற்குப் பொறுப்பு யார்? எழுதியவரா, டிஸ்ட்ரோ எனப்படும் ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பா, கடை நடத்தும் கம்பெனியா?

முப்பதாண்டு ஏற்பாடு

விண்டோஸில் செயலியை எழுதியவரே இன்ஸ்டாலரையும் தருவார். லினக்ஸ் வேறு பாதையில் போனது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். அதற்கென டீபேக்கேஜ் என்ற நிர்வாகக் கருவியும் டெப் என்ற பேக்கேஜ் வடிவமும் உருவாயின. 1995இல் ரெட் ஹாட் நிறுவனம் தன் ஆர்பிஎம்மைக் கொண்டுவந்தது. இந்த இரண்டு வடிவங்கள்தான் இன்றுவரை பெரும்பாலான லினக்ஸ் கணினிகளை நடத்துகின்றன.

இந்த ஏற்பாட்டில் எழுதியவருக்கும் பயனருக்கும் நடுவே மூன்றாவது மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் பேக்கேஜ் பராமரிப்பாளர். மூலநிரலை எடுத்து, தன் டிஸ்ட்ரோவுக்கு ஏற்பக் கட்டி, உரிமத்தைச் சரிபார்த்து, மற்ற பேக்கேஜ்களோடு மோதாமல் பொருத்தி வைப்பது அவர் வேலை. பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வ வேலை. 1999இல் டெபியன் 2.1 உடன் ஆப்ட் கருவி வந்த பிறகு, ஒரு செயலியைக் கேட்டால் அதற்குத் தேவையான சார்புகள் எல்லாம் தாமாகவே இறங்கின. கைபேசிகளில் ஆப் ஸ்டோர் என்ற பேச்சு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே லினக்ஸ் பயனர்களிடம் அது இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் சுமார் 69,800 பேக்கேஜ்கள் இருக்கின்றன.

இந்த முறையின் பெரிய பலம், பல செயலிகளுக்குப் பொதுவான நிரல் தொகுப்புகளான லைப்ரரிகளைப் பகிர்ந்துகொள்வது. ஊருக்கு ஒரு பொதுக்கிணறு மாதிரி. ஒரு தடவை தூர்வாரினால் எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீர். வீட்டுக்கு வீடு போர்வெல் போட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். 2014 ஏப்ரலில், இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை அம்பலமானபோது இந்த முறையின் அருமை தெரிந்தது. டிஸ்ட்ரோ ஒரு லைப்ரரியை அப்டேட் செய்தது. அதை நம்பியிருந்த செயலிகள் எல்லாவற்றிலும், மறுபடி தொடங்கிய உடனே, அந்த ஓட்டை அடைபட்டது.

டார்வால்ட்ஸே நொந்த இடம்

பலமான அந்த இடத்தில்தான் பலவீனமும் இருந்தது. உபுண்டு என்ற டிஸ்ட்ரோவின் ஒரு பதிப்புக்குக் கட்டிய டெப், அடுத்த பதிப்பில் ஓடும் என்று நிச்சயமில்லை. டெபியனில் இன்னும் சந்தேகம். ஃபெடோராவில் ஓடவே ஓடாது. ஒரு சிறு குழு தன் செயலியை எல்லா லினக்ஸ் பயனர்களுக்கும் தர நினைத்தால், டிஸ்ட்ரோக்களின் எண்ணிக்கையைப் பதிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதைச் சபையில் போட்டு உடைத்தவர், லினக்ஸின் மையமான கெர்னலை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ். 2014இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த டெபியன் மாநாட்டில், டெபியன்காரர்கள் எதிரிலேயே அதைச் சொன்னார். ஆழ்கடல் நீச்சல்காரர்களுக்காக அவர் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற செயலிக்கு விண்டோஸ், மேக் இரண்டுக்கும் நேரடியாக இயங்கும் கோப்புகளை அவர் குழு தந்தது. லினக்ஸுக்குத் தரவில்லை. லினக்ஸை உருவாக்கியவரின் செயலிக்கே அந்த நிலை. கெர்னலில் ஒரு மாற்றம் வந்தால் அதன்மேல் ஓடும் நிரல்கள் உடையக் கூடாது என்பது அவர் விடாப்பிடியாகக் காக்கும் விதி. டிஸ்ட்ரோக்களும் லைப்ரரி எழுதுவோரும் அந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பதில்லை என்பது அவருடைய மனக்குறை.

எல்லோருக்கும் பொதுவான வடிவம் ஒன்றை ஏற்படுத்தும் முயற்சி முன்பே நடந்தது. லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ் என்ற தரநிலை ஆர்பிஎம்மைப் பொது வடிவமாக அறிவித்தது. 2006இல் ஐஎஸ்ஓ தரச்சான்றும் பெற்றது. டெபியன் குடும்பம் டெப்பை விட்டு நகரவில்லை. 2015இல் அந்தத் தரநிலைக்கான ஆதரவையே டெபியன் ஏறக்குறைய முழுதாகக் கைவிட்டது. காகிதத்தில் வென்ற தரம் களத்தில் தோற்றது.

பயனருக்கு வேறொரு குறை. டெபியனின் நிலையான பதிப்பில் ஒரு செயலியின் பதிப்பு உறைந்து நிற்கும். பாதுகாப்புத் திருத்தம் வரும், புது வசதி வராது. சர்வருக்கு இது வரம். வீடியோ எடிட்டரின் புதிய பதிப்புக்காகக் காத்திருப்பவருக்குச் சாபம்.

மூன்று விடைகள்

முதல் விடை ஆப்இமேஜ். 2004இல் சைமன் பீட்டர் தொடங்கிய கிளிக் என்ற திட்டத்தின் வாரிசு. ஒரு செயலி, ஒரே கோப்பு. இறக்கு, இயங்க அனுமதி கொடு, ஓட்டு. வேண்டாமென்றால் கோப்பை அழித்தால் போதும். கடையும் இல்லை, காவலும் இல்லை. அப்டேட் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு.

இரண்டாவது ஃபிளாட்பேக். ரெட் ஹாட்டின் அலெக்சாண்டர் லார்சன் பல ஆண்டுகள் பல பெயர்களில் முயன்று பார்த்த யோசனை, 2016இல் இந்தப் பெயரைப் பெற்றது. டிஸ்ட்ரோவின் லைப்ரரிகளை நம்பாமல், ரன்டைம் என்ற பொது அடித்தளங்களின் மேல் செயலிகள் நிற்கும். க்னோம் டெஸ்க்டாப்புக்கு ஒன்று, கேடிஈ டெஸ்க்டாப்புக்கு ஒன்று என்று அவை உண்டு. ஒவ்வொரு செயலியும் சாண்ட்பாக்ஸ் என்ற வேலிக்குள் ஓடும். உங்கள் கோப்பைத் தொட வேண்டுமானால் போர்ட்டல் என்ற வாயில் வழியே அனுமதி கேட்கும். யாரும் சொந்தக் களஞ்சியம் நடத்தலாம். நடைமுறையில் பெரும்பாலோர் போவது ஃபிளாட்ஹப்புக்கு.

மூன்றாவது ஸ்னாப். உபுண்டுவை நடத்தும் கேனோனிகல் நிறுவனத்தின் படைப்பு. 2016இல் உபுண்டு 16.04 மூலம் டெஸ்க்டாப்புக்கு வந்தது. திரைச் செயலிகளோடு சர்வர் நிரல்களையும் கெர்னலையும்கூட ஸ்னாப்பாகக் கட்டலாம். ஃபிளாட்பேக்கால் இது ஆகாது. தொழிற்சாலைக் கருவிகளிலும் பொருள்களின் இணையத்திலும் ஸ்னாப்புக்கு உண்மையான பயன் உண்டு. ஆனால் கிளையண்ட் மென்பொருள் திறந்த நிரல் என்றாலும் கடையின் பின்புலம் மூடிய நிரல். கடையும் கேனோனிகலுடையது மட்டுமே.

மூன்றுக்கும் பொதுவான விலை ஒன்று உண்டு: இடம். ஒரு சிறு கால்குலேட்டரை ஃபிளாட்பேக்காகப் போட்டால் முதல் தடவை ரன்டைமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். அடுத்த செயலி அதே ரன்டைமைப் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும். வேறு பதிப்பைக் கேட்டால் மறுபடி இறங்கும்.

உபுண்டு போட்ட முடிச்சு

புது வடிவம் வந்ததால் யாரும் தெருவுக்கு வரவில்லை. கேட்காமல் மாற்றியபோதுதான் வந்தார்கள்.

2019 அக்டோபரில் வந்த உபுண்டு 19.10இல் குரோமியம் பிரவுசரின் டெப் பேக்கேஜ் வெறும் கூடானது. ஆப்ட் வழியாக குரோமியத்தைக் கேட்டால், அந்தக் கூடு ஸ்னாப் கடையோடு இணைந்து ஸ்னாப் பதிப்பை இறக்கி வைத்தது. ஒவ்வொரு உபுண்டு பதிப்புக்கும் தனித்தனியே குரோமியத்தைக் கட்டுவது பெரும் சுமை, ஒரே ஸ்னாப் எல்லாவற்றுக்கும் போதும் என்பது கேனோனிகலின் காரணம். காரணத்தில் பொய்யில்லை. பிரவுசருக்கு அடிக்கடி பாதுகாப்பு அப்டேட் வரும். ஒவ்வொரு முறையும் அத்தனை பதிப்புகளுக்கும் கட்டிச் சோதிப்பது பெரிய வேலைதான்.

ஆனால் ஆப்ட் என்பது பயனரோடு போட்ட ஒப்பந்தம். அதில் கேட்டால் டெப் வரும் என்பது எழுதப்படாத விதி. உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் இதை ஏற்கவில்லை. 2020 ஜூனில் வந்த மின்ட் 20இல், ஆப்ட் மூலம் ஸ்னாப் சேவை தானாக உள்ளே வருவதை அதன் தலைவர் கிளெமென்ட் லெஃபெவர் குழு தடுத்தது. வேண்டுமென்பவர் தடையை நீக்கிப் போட்டுக்கொள்ளலாம். பிறகு குரோமியத்தை மின்ட் தானே கட்டித் தரத் தொடங்கியது.

அடுத்து ஃபயர்ஃபாக்ஸ். 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04இல் அதுவும் ஸ்னாப் மட்டுமே. இதை ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவே விரும்பிக் கேட்டது என்றது கேனோனிகல். எழுதியவரிடமிருந்து நேராகப் பயனருக்கு, இடையில் தாமதமில்லை என்பது வாதம். ஆனால் முதல் நாள்களில் பிரவுசர் திறக்கவே பல நொடிகள் பிடித்தது. பாஸ்வேர்டு மேலாளர்களும் க்னோம் நீட்சிகளும் ஸ்னாப்பின் வேலிக்கு வெளியே நின்று கதவைத் தட்டின. பின்னர் வேகம் நன்றாகவே மேம்பட்டது. ஆயினும் 2024 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 122 உடன், டெபியன், உபுண்டு பயனர்களுக்காக மொஸில்லா தானே ஒரு டெப் களஞ்சியத்தைத் திறந்தது. ஸ்னாப்பைக் கேட்டு வாங்கிய கட்சியே டெப்பையும் தர வேண்டிய அளவுக்கு அதற்குத் தேவை இருந்தது.

2023 பிப்ரவரியில் இன்னொரு அறிவிப்பு வந்தது. குபுண்டு, ஜுபுண்டு போன்ற உபுண்டுவின் கிளைகள் எவையும் இனி ஃபிளாட்பேக்கை இயல்பாகச் சேர்த்துத் தரக் கூடாது. தடை இல்லை, பயனர் தானே போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் வந்த சேதி ‘எங்கள் கடைதான் முன்வாசலில் இருக்கும்’ என்பதாகவே படிக்கப்பட்டது.

தானியங்கி அப்டேட்டும் இப்படித்தான். ஸ்னாப் ஒரு நாளில் நான்கு தடவை புதுப்பித்தலைத் தேடும். தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. காலவரையின்றி நிறுத்திவைக்கும் முறையான வசதி 2022 இறுதியில்தான் வந்தது.

பாதுகாப்பு யார் கையில்?

‘டிஸ்ட்ரோக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்பதும் ‘வேலி காப்பாற்றும்’ என்பதும் பாதி உண்மைகள்.

கடைகளின் கதையை முதலில் பார்ப்போம். 2018 மே மாதம் ஸ்னாப் கடையில் ஒரு சிறு விளையாட்டுக்குள் ரகசியமாக கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது தெரியவந்தது. 2023 செப்டம்பரில் போலி கிரிப்டோ வாலட்டுகள் நுழைந்தன. 2024 பிப்ரவரியில் எக்ஸோடஸ் என்ற வாலட்டின் பெயரைத் தாங்கிய போலியை நம்பிய ஒருவர் சுமார் 9 பிட்காயினை இழந்தார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 4.9 லட்சம் டாலர். வேலி பழுதின்றி நின்றது. திருடன் வேலியைத் தாண்டவே இல்லை. பயனரே வாலட்டின் ரகசிய மீட்புச் சொற்களை அவன் கையில் கொடுத்தார். அதன் பிறகு, புதிய ஸ்னாப் பெயர்களை மனிதர்கள் பார்த்தே அனுமதிப்பது கொள்கையானது. ஃபிளாட்ஹப்பில் புதிய செயலியைத் தொடக்கத்திலேயே ஆள் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். 2023 முதல், எழுதியவரே தருகிறார் என்பதற்குச் சரிபார்ப்பு முத்திரையும் உண்டு. ஆனாலும் அங்கே உள்ள பல செயலிகள் உங்கள் வீட்டுக் கோப்புறை முழுவதையும் தொடும் அனுமதியோடு வருகின்றன. அப்படிப்பட்ட செயலிக்கு வேலி இருந்தும் பெரிய பயனில்லை.

இனி டிஸ்ட்ரோக்களின் கதை. 2006இல் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர் ஓபன்எஸ்எஸ்எல்லில் நல்லெண்ணத்தோடு சில வரிகளை நீக்கினார். அதனால் உருவாகும் ரகசியச் சாவிகள் ஒவ்வொரு வகையிலும் ஏறக்குறைய 32 ஆயிரத்துக்குள் அடங்கிப்போயின. சாதாரணக் கணினியால் அத்தனையையும் முயன்று பார்த்துவிடலாம். 2008 மே மாதம் வரை யாரும் கவனிக்கவில்லை. எழுதியவர் செய்யாத தவறு, இடையில் நின்றவரால் வந்தது.

இதற்கு நேர்மாறானது 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் சதி. ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, சுருக்க லைப்ரரி ஒன்றில் கள்ளக் கதவு வைத்தார். டெப் அல்லது ஆர்பிஎம் கட்டப்படும் இடங்களில் மட்டும் விழிக்கும்படி அது எழுதப்பட்டிருந்தது. எஸ்எஸ்எச் என்ற தொலைநிலை இணைப்பில் அரை நொடித் தாமதத்தைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளரால் அது பிடிபட்டது. டெபியனின் சோதனைப் பதிப்புகள், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகள் ஆகியவற்றுக்குள் அது நுழைந்துவிட்டது. நிலையான பதிப்புகளைத் தொடவில்லை. எல்லோரும் திட்டிய அந்த நிதானம்தான் அன்று காப்பாற்றியது. எழுதியவரே கெட்டுப்போனால் ‘எழுதியவரிடமிருந்து நேராக’ என்பது வரம் அல்ல என்பதையும் அது காட்டியது.

இடையில் நிற்பவரின் கத்தரிக்கோலும் சில சமயம் அதிகம் வெட்டும். 2024 மே மாதம், டெபியனின் சோதனைக் கிளையில் கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு மேலாளரின் பிரவுசர் இணைப்பு உள்ளிட்ட கூடுதல் வசதிகளைப் பராமரிப்பாளர் அணைத்துவிட்டார். வசதி குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது அவர் எண்ணம். முழு வசதி வேண்டுவோருக்கு வேறு பெயரில் தனிப் பேக்கேஜ். வசதிகளைத் திடீரென இழந்தவர்கள் எழுதியவர்களிடம் புகார் சொன்னார்கள். அவர்களோ தங்கள் செயலியின் பெயரில் வேறொன்று போகிறதே என்று கொதித்தார்கள். ஓபிஎஸ் தகராறின் முன்னோட்டம் அது.

காற்று எந்தப் பக்கம்?

2022இல் வந்த வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியில் அடித்தளக் கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும்; டெஸ்க்டாப் செயலிகள் ஃபிளாட்பேக்காக வரும். ஃபெடோரா சில்வர்புளூவும் அதே வழி. 2023இல் ரெட் ஹாட், தன் வருங்கால நிறுவனப் பதிப்புகளில் லிப்ரே ஆபீஸை ஆர்பிஎம்மாகத் தரப்போவதில்லை, ஃபிளாட்பேக்கை நாடலாம் என்று அறிவித்தது. அடித்தளம் டிஸ்ட்ரோவுடையது, செயலிகள் தனி என்ற பிரிவினை மெல்ல நிலைபெறுகிறது. டெஸ்க்டாப் செயலிகளில் உபுண்டுவுக்கு வெளியே ஃபிளாட்பேக் முன்னால் நிற்கிறது, உபுண்டுவுக்குள் ஸ்னாப்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய அது டெபியன் வழி வந்தது. அத்தகைய பழைய கணினியில், அளந்து கிடைக்கும் இணையத்தில், நூற்றுக்கணக்கான எம்பி ரன்டைம் என்பது சிறிய விஷயமில்லை. பள்ளி ஆய்வகத்தில் ஒரு டெப் களஞ்சியத்தின் நகலை உள்ளூரில் வைத்து நாற்பது கணினிகளுக்கும் பரிமாறலாம். ஒரே கடையை மட்டும் நோக்கும் ஸ்னாப்பில் அப்படிச் செய்வது எளிதல்ல. வேலிக்குள் ஓடும் செயலியில் தமிழ்த் தட்டச்சு நடக்க, ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவி வேலியைத் தாண்டிப் பேச வேண்டும். அந்த வழி ஒழுங்காக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சுபவருக்குச் சோதிக்கத் தோன்றாது.

என்ன செய்யலாம்?

டெப் சாகவில்லை, சாகவும் வேண்டியதில்லை. கெர்னல், அடிப்படை லைப்ரரிகள், சர்வர் நிரல்கள் ஆகியவை பராமரிப்பாளரின் கண்காணிப்பில் நிதானமாக வருவதே நல்லது. பிரவுசர், வீடியோ எடிட்டர் போன்று வேகமாக மாறும் செயலிகளை எழுதியவரே நேராகத் தருவதிலும் தவறில்லை. பெரும்பாலான டெஸ்க்டாப் பயனர்களுக்கு அந்த இரண்டாவது வேலைக்கு ஃபிளாட்பேக்கே பொருத்தம். காரணம் தொழில்நுட்பத்தைவிட, அதன் கதவை எவரும் தனியொருவராகப் பூட்டிவிட முடியாது என்பதுதான். கேனோனிகல் தன் கடையின் பின்புலத்தைத் திறக்காதவரை ஸ்னாப் மீதான சந்தேகம் தீராது, தீரவும் தேவையில்லை.

டிஸ்ட்ரோக்கள் செய்ய வேண்டியவை இரண்டு. எந்தப் பேக்கேஜை யார் கட்டினார் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே பெரிதாகக் காட்ட வேண்டும். வடிவத்தை மாற்றும் முன் பயனரைக் கேட்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22, சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளை இயல்பாக மறைத்துவைத்து, விரும்பினால் எச்சரிக்கையோடு திறந்துகொள்ள விட்டது. பின்பற்றத்தக்க முறை.

பயனர்களுக்கு: இன்ஸ்டால் பொத்தானை அழுத்தும் முன் வெளியிட்டவர் பெயரையும் சரிபார்ப்பு முத்திரையையும் பாருங்கள். ஃபிளாட்சீல் போன்ற கருவியைக் கொண்டு செயலி கேட்கும் அனுமதிகளைக் குறையுங்கள். பணம், பாஸ்வேர்டு தொடர்பான எதையும் கடையில் தேடி எடுக்காமல், தயாரித்தவரின் சொந்தத் தளம் காட்டும் வழியில் மட்டும் போடுங்கள். ஏதாவது உடைந்தால், புகார் எழுதும் முன் அந்தப் பேக்கேஜைக் கட்டியவர் யாரென்று பார்த்து, அவரிடமே சொல்லுங்கள்.